கௌபாய் கதைக்குள் பேய் நுழைந்த வரலாறு



போன வாரப் பதிவுக்குக் கீழே பழைய மாணவர் ஒருவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். இப்போது அவர் பையனே ஏழாம் வகுப்பு படிக்கிறான். "சார், டெக்ஸ் வில்லர் கதை குதிரை, துப்பாக்கி, ஷெரீப் கதைதானே? அதில் மந்திரவாதியும் ஆவியும் எதற்கு வருகிறது? பையன் கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை."

நல்ல கேள்வி. இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் உங்களுக்கு என் வழக்கம் தெரியும். கரும்பலகையில் ஒரு கோடு போட்டு, ஆண்டுகளை வரிசையாக எழுதாமல் எனக்குப் பாடம் வராது. அதனால் கொஞ்சம் நீளம். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கடைசியில் வீட்டுப்பாடமும் உண்டு.

1. முதல் பேய் (1949)

அமெரிக்காவில் மேகசின் எண்டர்பிரைசஸ் என்ற சிறிய காமிக்ஸ் நிறுவனம் இருந்தது. அதை நடத்தியவர் வின் சல்லிவன். 1949-ல் இரண்டு விஷயங்கள் ஊரெல்லாம் பேச்சாக இருந்தன. ஒன்று, ஸ்டான் ஜோன்ஸ் எழுதிய ஒரு பாட்டு. வானத்தில் பேய்க் குதிரைக்காரர்கள் நெருப்புக் கண் மாடுகளை ஓயாமல் விரட்டிக்கொண்டே போவதைப் பற்றியது. இன்னொன்று, டிஸ்னி எடுத்த ஒரு கார்ட்டூன் படம். அதில் தலையில்லாத குதிரை வீரன் வருவான். இது வாஷிங்டன் இர்விங் 1820-ல் எழுதிய பழைய கதை. இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரு நாயகன் வேண்டும் என்று சல்லிவன் சொல்ல, டிக் ஆயர்ஸ் என்ற இளம் ஓவியர் வரைந்து கொடுத்தார். அவன்தான் 'கோஸ்ட் ரைடர்'. பேய்க் குதிரை வீரன்.

பிள்ளைகளே, இந்த முதல் பேய் உண்மையில் பேயே இல்லை. ரெக்ஸ் ஃபியூரி என்ற மனிதன். இருட்டில் ஒளிரும் வெள்ளை உடை, வெள்ளை முகமூடி, வெள்ளைக் குதிரை. மேலே போர்த்தியிருக்கும் அங்கிக்கு வெளிப்புறம் வெள்ளை, உட்புறம் கறுப்பு. கறுப்புப் பக்கத்தைத் திருப்பி உடம்பை மூடிக்கொண்டால் எதிரிக்குத் தலை மட்டும் அந்தரத்தில் மிதப்பதுபோல் தெரியும். இன்னொரு விதமாகத் திருப்பினால் கை மட்டும் துப்பாக்கியோடு வரும். கொள்ளைக்காரன் கதிகலங்கிப் போய் உண்மையைக் கக்குவான்.

ஆசிரியர் பயிற்சியில் எங்களை நிறைய சார்ட் வரைய வைத்தார்கள். அந்தப் பழக்கத்தில் எனக்குப் படத்தைப் பார்த்தால் முதலில் அது எப்படிச் செய்யப்பட்டது என்றுதான் கண் போகும். ஆயர்ஸ் செய்தது எளிமையான காரியம். கட்டம் முழுக்கக் கறுப்பு மையைப் பூசிவிட்டார். வெள்ளையாக விட்ட இடம்தான் பேய். பேயை அவர் வரையவில்லை, இருட்டை வரைந்தார். அந்தக் காலத்து மலிவான காகிதத்தில் இதைவிடப் பலமான தந்திரம் கிடையாது. சில இதழ்களுக்கு அட்டை வரைந்தவர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஃபிராங்க் ஃபிரஸெட்டா.

கதைகள் போகப் போக வேஷப் பேய் போதவில்லை. வாசகர்கள் நிஜப் பேயைக் கேட்டார்கள். ரத்தக் காட்டேரியும் ஓநாய் மனிதனும் கதைக்குள் வந்தார்கள். அந்த நேரத்தில்தான் கதவு சாத்தப்பட்டது.

2. எரித்த வருடங்கள் (1948 முதல் 1954 வரை)

இந்தப் பகுதியை ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

1948 அக்டோபர் 26. மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்பென்சர் என்ற ஊர். ஒரு பள்ளி வளாகத்தில் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்து வந்த சுமார் 2,000 காமிக்ஸ் புத்தகங்களைக் குவித்து, ஆசிரியர்கள் முன்னிலையில் தீ வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் ஊரிலும் இப்படி நடந்தது. ஹிட்லரின் ஆட்கள் புத்தகம் எரித்ததைக் கண்டித்துப் போருக்குப் போன நாடு அது. போர் முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன.

1954-ல் ஃபிரெடரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ்தான் பிள்ளைகளைக் குற்றவாளி ஆக்குகிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்க செனட் குழு விசாரணை வைத்தது. அரசாங்கம் தடை போடும் முன்னால் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொள்வோம் என்று பதிப்பாளர்கள் சேர்ந்து ஒரு விதிமுறை எழுதினார்கள். நடமாடும் பிணம் கூடாது, ரத்தக் காட்டேரி கூடாது, ஓநாய் மனிதன் கூடாது. 'திகில்', 'பயங்கரம்' போன்ற சொற்கள் தலைப்பிலேயே வரக் கூடாது. விதிமுறை முத்திரை இல்லாத இதழைக் கடைக்காரர்கள் வாங்கவில்லை. பேய்க் குதிரை வீரனின் இதழ் 14-ஆவது எண்ணோடு அந்த ஆண்டே நின்றது.

வெர்தாமைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஹார்லெம் பகுதியில் ஏழைக் கறுப்பின மக்களுக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் மருத்துவம் பார்த்தவர் அவர். ஆனால் 2010-க்குப் பிறகு அவருடைய பழைய கோப்புகள் ஆய்வுக்குத் திறக்கப்பட்டபோது, கரோல் டில்லி என்ற ஆய்வாளர் அவற்றைப் படித்து ஒன்றைக் காட்டினார். பிள்ளைகள் சொன்னதை வெர்தாம் பல இடங்களில் வெட்டியும் ஒட்டியும் தன் முடிவுக்கு ஏற்றபடி மாற்றி எழுதியிருந்தார். பிள்ளை சொன்னதைப் பெரியவர் மாற்றி எழுதினார், அதை நம்பி ஒரு தலைமுறையின் புத்தகங்களைப் பறித்தார்கள். இதைவிட ஆசிரியருக்கு வேறு பாடம் வேண்டாம்.

நம் பக்கமும் இதற்குக் குறைச்சல் இல்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், பையில் காமிக்ஸ் இருந்தால் அந்தப் பையனை வராண்டாவில் முட்டி போட வைப்பார்கள். பிடுங்கிய புத்தகங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் பையன், இரும்புக்கை மாயாவியை மட்டும் கடகடவென்று படிப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் என் வகுப்பில் அதற்குத் தடை இருந்ததில்லை. என்னிடம் படித்தவர்களுக்கு இது தெரியும்.

3. பாதி முகம் (1972)

1971-ல் விதிமுறையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். பேய்கள் திரும்பி வந்தன. டி.சி. நிறுவனம் தன்னுடைய கௌபாய் இதழ் ஒன்றின் பெயரையே 1972-ல் 'வியர்டு வெஸ்டர்ன் டேல்ஸ்' என்று மாற்றியது. விசித்திர மேற்குக் கதைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இரண்டு பேர் முக்கியம். ஒருவன் எல் டியாப்லோ. லாசரஸ் லேன் என்ற சாதாரண மனிதன் மின்னல் தாக்கி நினைவில்லாமல் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். இரவில் அவன் ஆவி கறுப்புக் குதிரையில் ஏறி அநியாயக்காரர்களைத் தேடிப் போகிறது. உடம்பு கட்டிலில், உயிர் குதிரையில்.

இன்னொருவன் ஜோனா ஹெக்ஸ். எழுதியவர் ஜான் அல்பானோ, வரைந்தவர் டோனி டிசுனிகா. ஹெக்ஸின் முகத்தில் இடது பக்கம் சாதாரண மனிதன். வலது பக்கம் வெந்து சுருங்கி, கண் பிதுங்கி, வாயின் குறுக்கே ஒரு தசைத் துண்டு ஒட்டிக்கொண்டு நிற்கும். அவன் அப்பாவே சிறு வயதில் அவனை அப்பாச்சி மக்களிடம் விற்றுவிட்டார். பின்னாளில் அதே மக்கள் பழுக்கக் காய்ச்சிய கோடரியால் போட்ட சூடு அது. உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்பகுதிப் படையில் இருந்தவன். அது தவறு என்று தெரிந்ததும் படையை விட்டு விலகுகிறான். ஆனாலும் பழைய சாம்பல் நிறச் சீருடையைக் கழற்றவே மாட்டான். முகத்திலும் தழும்பு, உடையிலும் தழும்பு.

டிசுனிகா பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர். நம்மூரைப் போலவே அங்கும் வாராவாரம் காமிக்ஸ் படிக்கும் பெரிய கூட்டம் உண்டு. அவருடைய கோடு வழவழப்பாக இருக்காது. தூரிகை காய்ந்துபோன மாதிரி, புழுதி ஒட்டின மாதிரி இருக்கும். அமெரிக்க ஓவியர்கள் கௌபாயைத் துவைத்து இஸ்திரி போட்ட சட்டையில் வரைந்துகொண்டிருந்த காலம். இவர் வேர்வையும் அழுக்கும் தெரிய வரைந்தார். இவர் வேலையைப் பார்த்து 1971-ல் டி.சி. ஆசிரியர்கள் மணிலாவுக்கே போனார்கள். அல்ஃபிரெடோ அல்காலா, நெஸ்டர் ரெடோண்டோ, அலெக்ஸ் நின்யோ என்று ஒரு பெரிய அணியே அமெரிக்க இதழ்களுக்கு வரைய வந்தது. அமெரிக்க மேற்கின் பேய்களுக்கு முகம் கொடுத்ததில் பிலிப்பைன்ஸ் கைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஹெக்ஸின் முடிவை 1978-ல் ஒரு சிறப்பிதழில் சொன்னார்கள். எழுத்து மைக்கேல் ஃபிளைஷர், ஓவியம் ரஸ் ஹீத். வருஷம் 1904. வயதாகிப்போன ஹெக்ஸைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். பிணத்தைத் திருடிப் பாடம் பண்ணி, பழைய கௌபாய் உடை மாட்டி, வேடிக்கைக் காட்சியில் நிறுத்தி வைக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1993-ல் ஜோ லான்ஸ்டேல், டிம் ட்ரூமன் இருவரும் ஹெக்ஸை நேரடியாகவே நடமாடும் பிணங்களோடு மோத விட்டார்கள்.

அதே 1972-ல் பிரெஞ்சு மொழியிலும் ஒரு பேய் வந்தது. ஷார்லியே எழுதி ஜிரோ வரைந்த புளூபெர்ரி வரிசையில், தங்கத் தோட்டாவால் சுடும் ஆவியின் கதை. அரிசோனா மாநிலத்தில் தொலைந்துபோன தங்கச் சுரங்கம் ஒன்றைப் பற்றிய பழைய ஊர்க்கதைதான் அடிப்படை. நம்மவர்கள் இதைத் 'தங்கக் கல்லறை'யாக, கேப்டன் டைகர் கதையாகப் படித்திருப்பீர்கள். சுடுவது யார் என்று சொன்னால் படிக்காதவர்களுக்கு ருசி கெட்டுவிடும். அதனால் விடுகிறேன்.

4. இத்தாலிக்குப் போன கௌபாய்

இப்போது கேள்விக்கு வருவோம். டெக்ஸ் வில்லர் அமெரிக்கக் கதையே இல்லை. இத்தாலியில் 1948 செப்டம்பர் 30 அன்று முதல் இதழ் வந்தது. ஸ்பென்சரில் பள்ளிப் பிள்ளைகள் காமிக்ஸை எரித்ததற்குச் சரியாக 26 நாள் முன்பு. அங்கே நெருப்பு, இங்கே பிறப்பு.

எழுதியவர் ஜியான் லூய்ஜி பொனெல்லி. வரைந்தவர் ஆரேலியோ கல்லெப்பினி. முதலில் வைத்த பெயர் 'டெக்ஸ் கில்லர்'. கொலைகாரன் என்று பொருள் வருகிறதே என்று ஓர் எழுத்தை மாற்றி வில்லர் ஆக்கினார்கள். கல்லெப்பினி பகலில் வேறொரு தொடரை வரைந்தார், அதுதான் பெரிய அளவில் ஓடும் என்று எல்லோரும் நம்பினார்கள். டெக்ஸை ராத்திரியில் வரைந்தார். பகல் தொடர் இன்று யாருக்கும் நினைவில்லை. ராத்திரித் தொடர் 75 ஆண்டுகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆரம்ப நாளிலேயே ஸ்டீவ் டிக்கார்ட் என்ற மேடை வித்தைக்காரன் வருகிறான். பட்டப்பெயர் மெஃபிஸ்டோ. முதலில் அவன் வெறும் கண்கட்டு வித்தைக்காரன், உளவாளி. தங்கை லில்லி அவனுக்குக் கூட்டாளி. பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும்போது நிஜமான மாந்திரீகம் கற்றுக்கொண்டு வருகிறான். அவனுக்குப் பிறகு அவன் மகன் யாமா. நல்லவர் பக்கத்திலும் ஒருவர் உண்டு. எகிப்திலிருந்து வந்து மெக்சிகோ எல்லையில் குடியேறிய எல் மொரிஸ்கோ என்ற அறிஞர். டெக்ஸ் துப்பாக்கியால் தீர்க்க முடியாத வழக்கை அவரிடம் கொண்டுபோவார்.

கவனித்தீர்களா? அமெரிக்கப் பேய்க் குதிரை வீரன் வந்த பாதையிலேயே மெஃபிஸ்டோவும் வருகிறான். முதலில் தந்திரம், பிறகு நிஜம். காரணம் எளிமையானது. டெக்ஸ் குறி தப்பாதவர். துப்பாக்கிச் சண்டையில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது. எதிரி சம பலத்தோடு நிற்கவில்லை என்றால் கதை எப்படி நகரும்? தோட்டா துளைக்காத எதிரி வேண்டும். அதற்குத்தான் மந்திரவாதி. மாணவர் கேட்ட கேள்விக்கு இதுதான் சுருக்கமான பதில்.

சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972-ல் ஆரம்பித்தது. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. அதற்கடுத்த ஓரிரு ஆண்டுகளில் டெக்ஸ் தமிழ் பேச ஆரம்பித்துவிட்டார். நம் பையன்களுக்கு அரிசோனா பாலைவனம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் கிட் கார்சனை டெக்ஸ் எப்படிக் கிண்டல் செய்வார் என்று வரி தவறாமல் சொல்வார்கள்.

5. நிஜமான கிட் கார்சன்

சுருக்கமான பதில் அங்கே முடிந்தது. இனி நீளமான பதில். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம்.

கதையில் டெக்ஸ், நவஹோ மக்களின் தலைவர். அவர்கள் வைத்த பெயர் இரவுக் கழுகு. நவஹோப் பெண் லிலித்தை மணந்து கிட் என்ற மகனைப் பெற்றவர். அந்த லிலித், அம்மை நோய்க் கிருமி உள்ள கம்பளிகளைச் சில வெள்ளைக்காரர்கள் நவஹோக்களிடம் தள்ளிவிட்டதால் இறக்கிறாள். இது வெறும் கற்பனை என்று நினைக்காதீர்கள். 1763-ல் ஃபோர்ட் பிட் கோட்டை முற்றுகையில், பேச்சு வார்த்தைக்கு வந்த பூர்வகுடித் தூதர்களிடம் பிரிட்டிஷ்காரர்கள் அம்மை மருத்துவமனையிலிருந்து இரண்டு கம்பளியும் ஒரு கைக்குட்டையும் எடுத்துக் கொடுத்தார்கள். கணக்குப் புத்தகத்திலேயே பதிவாகியிருக்கிறது.

கதையில் டெக்ஸின் உயிர்த்தோழர் வெள்ளிமுடி கிட் கார்சன். அந்தப் பெயரில் நிஜமாகவே ஒருவர் வாழ்ந்தார். அவர் நவஹோக்களுக்கு என்ன செய்தார் தெரியுமா? 1863-64-ல் அமெரிக்கப் படைக்குத் தலைமை ஏற்று அவர்கள் நாட்டுக்குள் புகுந்தார். வீடுகளைக் கொளுத்தினார்கள், சோளக் கொல்லைகளை அழித்தார்கள், ஆடுகளைக் கொன்றார்கள். கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஆயிரக்கணக்கான பீச் மரங்களைப் படையினர் வெட்டிச் சாய்த்தார்கள். பட்டினியில் சரணடைந்த 8,000-க்கும் மேற்பட்ட மக்களை, பனியில் சுமார் 500 கிலோமீட்டர் நடத்தியே போஸ்க் ரெடோண்டோ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வழியிலும் முகாமிலும் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். 1868-ல் ஒப்பந்தம் போட்டுத்தான் ஊர் திரும்ப முடிந்தது. அதை அவர்கள் இன்றும் 'நெடு நடை' என்று சொல்கிறார்கள்.

அழித்தவர் பெயரில் ஒரு தோழர், அழிக்கப்பட்ட மக்களுக்கு நாயகனே தலைவர். இத்தாலியக் கதாசிரியர் கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் நினைக்கவில்லை. வெள்ளைக்காரர் பூர்வகுடிகளைச் சுட்டு வீழ்த்துவதுதான் கதை என்றிருந்த காலத்தில், அவர்கள் பக்கம் நிற்கும் நாயகனைக் கொடுத்தார். ஆனால் நாம் வரலாறும் படிக்க வேண்டும். கதைப் புத்தகத்தைக் கையில் கொடுக்கும் அப்பா, இந்த இன்னொரு கதையையும் பையனுக்குச் சொல்ல வேண்டும்.

6. பேய் நடனம் (1890)

இனி நான் சொல்லப்போவதில் கற்பனை எதுவும் இல்லை.

நெவாடாவில் பையூட் இனத்தைச் சேர்ந்த வோவோக்கா என்பவருக்கு 1889 ஜனவரி 1 சூரிய கிரகணத்தின்போது ஒரு காட்சி தெரிந்தது. எல்லோரும் வட்டமாகக் கைகோத்து ஆடுங்கள், சண்டை போடாதீர்கள், பொய் சொல்லாதீர்கள். இறந்தவர்கள் திரும்பி வருவார்கள், பூமி புதிதாகும் என்றார். கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமைகள் சில நூறுகளாகச் சுருங்கி, மக்கள் ரேஷனுக்குக் கையேந்திய நேரம் அது. செய்தி காட்டுத் தீயாகப் பரவியது. லகோட்டா மக்கள் வெள்ளைத் துணியில் ஒரு சட்டை தைத்துப் போட்டுக்கொண்டார்கள். தோட்டா துளைக்காது என்று நம்பினார்கள்.

இதற்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் 'பேய் நடனம்'. ஆடுகிறவர்களைப் பார்த்து அதிகாரிகள் நடுங்கிப் படையை அழைத்தார்கள். 1890 டிசம்பர் 15 அன்று சிட்டிங் புல் கைது முயற்சியில் கொல்லப்பட்டார். டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ ஓடைக் கரையில், ஏற்கெனவே பிடிபட்டிருந்த சுமார் 350 லகோட்டாக்களை நான்கு பீரங்கிகளோடு படை சூழ்ந்து நின்றது. ஆயுதம் பறிக்கும்போது ஒரு வெடிச் சத்தம். முடிவில் 250-க்கும் மேற்பட்டோர் பிணமாகக் கிடந்தார்கள். பெரும்பகுதி பெண்களும் குழந்தைகளும். பனியில் உறைந்த 146 உடல்களை ஒரே குழியில் போட்டு மூடினார்கள். சுட்ட படைவீரர்களில் சுமார் 20 பேருக்கு நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது.

நவஹோக்கள் இந்த நடனத்தில் சேரவில்லை. அவர்கள் வழக்கத்தில் இறந்தவரின் ஆவி அஞ்சி ஒதுங்க வேண்டிய ஒன்று. சாவு விழுந்த குடிலையே விட்டுவிட்டு வேறு இடம் போய்விடுவார்கள். இறந்தவர்கள் திரும்பி வருவார்கள் என்ற செய்தி அவர்களுக்கு ஆறுதலாக இல்லை, பயமாக இருந்தது. லகோட்டாக்களோ அதே செய்திக்காக உயிரை விட்டார்கள். 'செவ்விந்தியர்' என்ற ஒரே சொல்லில் நாம் கட்டி வைத்திருக்கும் மக்களுக்குள் இவ்வளவு வேறுபாடு.

அடுத்தது இன்னும் கொடுமை. பேய் நடனத்துக்காகச் சிறை வைத்த லகோட்டாக்களில் 23 பேரை 1891-ல் விடுவித்து, பஃபலோ பில் என்பவர் நடத்திய கௌபாய் வேடிக்கைக் காட்சியில் சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். சிட்டிங் புல்லே 1885-ல் ஒரு பருவம் அந்தக் காட்சியில் குதிரையில் வலம் வந்தவர்தான். அந்தக் கம்பெனியில் இருந்த ஒருவர், வூண்டட் நீயில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட சட்டை ஒன்றை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 1999-ல்தான் அது லகோட்டா மக்களிடம் திரும்பியது.

ஜோனா ஹெக்ஸின் பிணத்தைப் பாடம் பண்ணி வேடிக்கைக் காட்சியில் நிறுத்தினார்கள் என்று சொன்னேனே, இப்போது அதை மறுபடி நினைத்துப் பாருங்கள். அந்தக் கதாசிரியர் பெரிதாக மிகைப்படுத்தவில்லை. பஃபலோ பில் கம்பெனி 1890-ல் இத்தாலிக்கும் போனது. ரோம் நகரத்து மக்கள் நிஜ கௌபாய்களையும் நிஜ லகோட்டாக்களையும் கண்ணால் பார்த்தார்கள். இத்தாலியில் கௌபாய் கதைக்கு ஆசை முளைத்ததற்கு அதுவும் ஒரு விதை.

7. கடனைக் கேட்க வந்த பேய்கள்

1997-ல் பொனெல்லி நிறுவனத்திலிருந்தே வேறு மாதிரி ஒரு தொடர் வந்தது. ஜியான்ஃபிராங்கோ மான்ஃபிரெடி எழுதிய 'மேஜிக் விண்ட்'. தமிழிலும் வந்தது. நெட் எல்லிஸ் என்ற படைவீரன் ரயில் வெடிவிபத்தில் தலையில் இரும்புச் சில்லு ஏறி நினைவை இழக்கிறான். லகோட்டா மருத்துவப் பூசாரி ஒருவர் காப்பாற்றுகிறார். பிறர் கண்ணுக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. அவன் நண்பன் 'போ', பார்ப்பதற்கு எழுத்தாளர் எட்கர் ஆலன் போ மாதிரியே இருக்கும் பத்திரிகையாளன். இதில் ஆவியும் வரும், நிஜ சிட்டிங் புல்லும் கஸ்டரும் வருவார்கள். ஆவிகளைவிட ரயில்வே முதலாளிகளும் ஒப்பந்தம் மீறும் அதிகாரிகளும் பயங்கரமானவர்கள் என்று காட்டும் கதை இது. இங்கே படைவீரனே மாணவன், லகோட்டா முதியவரே ஆசிரியர்.

அமெரிக்காவிலும் 2010-க்குப் பிறகு நல்ல நூல்கள் வந்தன. கல்லன் பன் எழுதி பிரையன் ஹர்ட் வரைந்த 'சிக்ஸ்த் கன்', சபிக்கப்பட்ட ஆறு துப்பாக்கிகளின் கதை, 50 இதழ்களில் கச்சிதமாக முடிந்தது. கெல்லி சூ டிகானிக் எழுதி, ஸ்பெயின் ஓவியர் எம்மா ரியோஸ் வரைந்த 'பிரெட்டி டெட்லி'யில் நாயகி மரணத்தின் மகள். அதில் கழுகு இறகுப் போர்வை போர்த்திய ஒரு சிறுமியும் கண் தெரியாத பெரியவரும் ஊர் ஊராகப் போவார்கள். படம் தீட்டிய துணியைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு கட்டமாகக் காட்டிக் கதை சொல்வார்கள். வாழ்நாள் முழுக்கச் சார்ட்டும் குச்சியுமாக நின்ற எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்ட வெகுநேரம் ஆயிற்று. படம் கொஞ்சம் சிக்கலானது, ரத்தமும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், பெரியவர்கள் படியுங்கள்.

இப்போது அந்தப் பையனுக்கு என் நீளமான பதில். தம்பி, துப்பாக்கிக் கதையில் ஜெயித்தவன் சொல்வதுதான் கேட்கும். செத்தவன் பேச முடியாது. பேய்க் கதையில் மட்டும்தான் செத்தவன் திரும்பி வந்து, "எனக்கு நடந்தது என்ன?" என்று கேட்க முடியும். அந்த மண்ணில் கணக்கு முடிக்கப்படாத சாவுகள் ஏராளம். அதனால்தான் எத்தனை முறை தடை போட்டாலும் அங்கே பேய் திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் வேடிக்கைக்காக வந்தது, பிறகு எதிரியாக வந்தது, இப்போது சாட்சி சொல்ல வருகிறது.

இனி வீட்டுப்பாடம்.

அ) உங்கள் வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு கௌபாய் காமிக்ஸை எடுங்கள். பூர்வகுடி ஒருவர் தன் பெயரோடு, முழு வாக்கியம் பேசுகிற கட்டங்கள் எத்தனை என்று எண்ணுங்கள்.

ஆ) இரவுக் காட்சி ஒன்றைப் பார்த்து, எது கறுப்பு மை, எது விட்டுவைத்த வெள்ளை என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் வரையச் சொல்லுங்கள்.

இ) அட்லஸில் கேன்யன் டி ஷே, வூண்டட் நீ இரண்டையும் கண்டுபிடித்து, நடுவில் எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள்.

பதில்களைக் கீழே போடுங்கள். பிள்ளைகள் வரைந்த படங்களையும் போடலாம், எல்லாவற்றையும் பார்ப்பேன். பழைய லயன், முத்து காமிக்ஸ் யாரிடமாவது பரணில் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். நம் ஊர் நூலகத்தில் பிள்ளைகள் பகுதிக்கு ஒரு அலமாரி காலியாக இருக்கிறது. நூலகரிடம் பேசியிருக்கிறேன், வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். என் பங்குக்கு முதல் கட்டை வருகிற திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்